பயிற்சி ஆசிரியர் பையில் எதை வைக்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவரலாம்

கற்பித்தல் பயிற்சிக்குப் போகிறவர்களைக் குறிவைத்து ‘பல்வகை மாணவர்களுக்கான கருவிப் பெட்டி’ என்ற பெயரில் ஏகப்பட்டவை விற்பனைக்கு வருகின்றன. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே கிட்டத்தட்ட ஒரே கூட்டம்தான்: நேரங்காட்டி, கையடக்க வெள்ளைப் பலகைகள், நிறம் ஏற்றிய பிளாஸ்டிக் தாள்கள், பென்சில் பிடிகள், படச்சீட்டுகள், காதுக் கவசம், எண் கோல்கள், கூடவே சில செயலிகளின் பட்டியல். இவற்றைப் பெட்டியாக வாங்காமல் வேண்டியதை மட்டும் தனித்தனியாக வாங்குவதே லாபம். சிலவற்றை வாங்கவே வேண்டாம்.

இங்கே அளவுகோல் ஒன்றுதான். நாற்பது நிமிடப் பாடவேளை, நாற்பது மாணவர்கள், அவர்களில் பலருடைய பெயர்கூட இன்னும் மனதில் பதியவில்லை. அந்த நிலையில் ஒரு பயிற்சி ஆசிரியர் இதைத் தனியாளாகக் கையாள முடியுமா? உறையில் ‘டிஸ்லெக்சியாவுக்கு’ (வாசிப்புக் குறைபாடு), ‘ஆட்டிசத்துக்கு’ என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். மாணவர் பாடத்தின் எந்த இடத்தில் நின்றுபோகிறார் என்று பாருங்கள். கேள்வி காதில் விழவில்லையா, விழுந்தும் எழுத நேரம் போதவில்லையா, வாசிக்கும்போது வரியைத் தொலைக்கிறாரா, இந்த வேலை எப்போது முடியும் என்று தெரியாமல் தவிக்கிறாரா? ஒரே பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்ட இரண்டு பேர் இரண்டு வேறு இடங்களில் நிற்பார்கள்.

பெட்டியில் முதல் மதிப்பெண் வெள்ளைப் பலகைக்கு. ஏ4 அளவு போதும், அதைவிடப் பெரிதானால் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரை இடிக்கும். கை தூக்கச் சொன்னால் வழக்கமாகத் தூக்கும் அதே ஐந்தாறு பேர்தான் தூக்குவார்கள். பலகை இருந்தால் நாற்பது விடையும் ஒன்றாகக் கண்ணுக்கு வரும். திக்கிப் பேசுகிறவர், வீட்டில் வேறு மொழி பேசுகிறவர், தப்பாகிவிடுமோ என்று வாயே திறக்காதவர் எல்லாரும் அந்த நாற்பதில் இருப்பார்கள்.

முறை சொல்லாமல் கொடுத்தால் மட்டும் பத்தே நிமிடத்தில் அது ஓவிய வகுப்பு. கேள்வியைக் கேட்டுவிட்டு, பேனாவைத் தொடவிடாமல் குறைந்தது 3 நொடி யோசிக்க விடுங்கள். பிறகு எழுதட்டும். எழுதி முடித்தவர் பலகையை நெஞ்சோடு கவிழ்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ‘காட்டுங்க’ என்றதும் எல்லாரும் ஒருசேரத் தூக்க வேண்டும். நெஞ்சோடு கவிழ்க்கும் படியை விட்டுவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது பக்கத்துப் பலகையின் விடைதான். அந்த 3 நொடியும் சும்மா இல்லை. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள், 3 நொடி பொறுத்தால் விடைகள் நீளமாகின்றன, பேசாதவர்களும் பேச வருகிறார்கள் என்று அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டிவிட்டார். வகுப்பின் முன்னால் நிற்கும்போது 3 நொடி என்பது மூன்று நிமிடம்போல் தோன்றும். மனதுக்குள் எண்ணிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

கோளாறு வருவது பெரும்பாலும் பேனாவில். முனை மேல்நோக்கி நிற்கவைத்தால் மை அடியில் இறங்கி முனை வறண்டுவிடும், படுக்கவைத்தே வையுங்கள். மெல்லிய முனைப் பேனாவில் எழுதியது மூன்றாம் வரிசைக்கு அப்பால் தெரியாது. தடித்த முனையில் 3 செ.மீ. உயரத்துக்குக் குறையாமல் எழுதச் சொல்ல வேண்டும். மலிவான பலகையில் பழைய மை சாயலாகப் படிந்துபோகும், அன்றன்றைக்குத் துடைத்தால் கொஞ்ச நாள் தாங்கும். பலகை வாங்க வசதியில்லையென்றால் கெட்டியான வெள்ளை அட்டையை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையில் செருகிக்கொடுங்கள், அதே வேலை நடக்கும். சொல்லப்போனால் இது பலகையைவிட மேல். எண்கோடு, கட்டத்தாள், பாதி எழுதிய வாக்கியம் என்று ஒவ்வொருவருக்கும் வேறு வேறு தாளை உள்ளே வைக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் எல்லாரிடமும் ஒரே உறைதான்.

பார்வையற்ற மாணவருக்கு இந்தக் கருவி எதுவும் தராது. அவர் விடையை யாரிடம், எப்படிச் சொல்வார் என்பதைப் பாடக்குறிப்பிலேயே எழுதிவையுங்கள். வகுப்பு ஓடும்போது யோசித்தால் அவர் விடுபட்டுப்போவார்.

அடுத்து, சிவப்பு வட்டு சுருங்கிக்கொண்டே வரும் நேரங்காட்டி. ‘இன்னும் எவ்வளவு நேரம்?’ என்று ஓயாமல் கேட்ட தன் சின்ன மகளுக்காக ஜான் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கத் தாய் 1994இல் உருவாக்கிய ‘டைம் டைமர்’தான் இவ்வகையில் முன்னோடி. எண்ணைப் படிக்கத் தெரியாதவரும் மிச்ச நேரத்தைக் கண்ணால் பார்க்கலாம் என்பது உண்மையிலேயே பெரிய வசதி. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது குழம்பிப்போகும் மாணவர்களுக்கு நன்றாகவே உதவுகிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது முகப்பின் மொத்த நிமிடம். 60 நிமிட முகப்பில் 5 நிமிடம் என்பது வெறும் 30 பாகை, கடைசி பெஞ்சிலிருந்து அது ஒரு சிவப்புக் கீற்று. வகுப்பில் தரும் வேலைகள் பெரும்பாலும் 3 முதல் 15 நிமிடத்துக்குள் முடிபவை, ஆகவே 20 நிமிட முகப்பே தோது. வட்டின் அகலம் 20 செ.மீ.க்குக் குறைந்தால் தனி மேசைக்குத்தான் ஆகும். இன்னொரு சிக்கலை விளம்பரம் சொல்வதில்லை. இதன் எண்கள் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓடுகின்றன, 5 என்பது உச்சிக்கு இடப்பக்கம் இருக்கும். கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கும் வகுப்பில் இதை மாட்டிவைத்தால் நீங்களே குழப்பத்தை விதைத்தது போல. முடியும்போது வரும் ‘பீப்’ ஒலியை அணைக்கும் பொத்தான் உண்டா என்றும் பாருங்கள். சிலருக்கு அந்தத் திடீர் ஒலி அன்றைய பாடத்தையே கெடுத்துவிடும், காது கேளாதவருக்கோ அது வந்ததே தெரியாது. இருவருக்கும் சேர்த்து, நேரம் முடிந்ததும் விளக்கை ஒருமுறை அணைத்துப் போடலாம். சுருங்கும் சிவப்பைப் பார்த்தே பதறும் மாணவர் இருந்தால் நேரங்காட்டியை அவர் கண்ணில் படாமல் திருப்பிவைத்து, ‘இன்னும் இரண்டு கணக்கு’ என்று வேலையின் அளவைச் சொல்லுங்கள்.

நிறத் தாள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாங்காதீர்கள். நிறத்தாளோ நிறக்கண்ணாடியோ வாசிப்புக் குறைபாட்டைச் சரிசெய்யும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009இல் கூட்டாகவே அறிவித்துவிட்டன. வரியைத் தொலைக்கிறவருக்கு வேண்டியது ஒரு வாசிப்புச் சன்னல்: கெட்டி அட்டையில் 15 செ.மீ. நீளத்தில், ஒரு வரிக்குச் சற்றே கூடுதலான உயரத்தில் ஒரு துளை. ஒரு வரியும் அதன் கீழ்வரியின் தலையும் மட்டும் தெரியும். அதைவிட எளிது பயிற்சித்தாளையே சரியாக அமைப்பது. எழுத்து 14 புள்ளி, வரி இடைவெளி ஒன்றரை. முக்கியமாக, இருபுற ஓரமும் நேராக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இரு ஓரத்தையும் நேராக்கினால் சொற்களுக்கு நடுவே ஓட்டைகள் விழும், வாசிக்கத் தடுமாறுகிறவரின் கண் அந்த ஓட்டை வழியே அடுத்த வரிக்கு இறங்கிவிடும்.

செயலிகளில் பயிற்சி ஆசிரியர் கட்டாயம் பழக வேண்டியது என்விடிஏ. திரையில் இருப்பதைக் குரலாக வாசித்துக்காட்டும், விண்டோஸ் கணினிக்கான இந்தத் திரைவாசிப்பான் இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்ற நிரலாளரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கியது. யுஎஸ்பியில் போட்டுக்கொண்டு, எந்தக் கணினியிலும் நிறுவாமலே ஓட்டலாம், போகிற பள்ளியில் நிறுவ அனுமதி கேட்டு அலைய வேண்டாம். கூடவே வரும் இஸ்பீக் குரல் தமிழும் வாசிக்கும். குரல் தகரத்தில் தட்டியது போல இருக்கும், புதிதாகக் கேட்பவர் முகம் சுளிப்பார். ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் சொற்கள் சிதையாமல் கேட்பதால் பழகியவர்கள் பலர் அதையே விரும்புகிறார்கள்.

உங்கள் வகுப்பில் பார்வையற்ற மாணவர் இல்லாவிட்டாலும் இதைப் பழகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் தயாரித்த பயிற்சித்தாள் தாளாக மட்டும் பிழைக்குமா, கோப்பாகவும் பிழைக்குமா என்று சொல்லிவிடும் ஒரே சோதனை இது. கோப்பைத் திறந்து திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அமைதிதான், அதில் எழுத்தே இல்லை, வெறும் படம். தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்கி விட்டிருந்தால் இணையப் பக்கத்தில் எச் விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவும் வசதி அங்கே வேலை செய்யாது. கோப்பைத் தட்டும் மென்பொருளில் உள்ள தலைப்புப் பாணியை (ஹெடிங் ஸ்டைல்) பயன்படுத்தியிருக்க வேண்டும். படத்துக்கு மாற்று உரை, அதாவது படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் குறிப்பு, இல்லையென்றால் ‘கிராஃபிக்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். குரலை உடனே நிறுத்தக் கண்ட்ரோல் விசை.

நம் மொழிக்கே உரிய ஒரு பொறியும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு திரையில் அழகான தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். ‘அம்மா’ என்று நீங்கள் பார்க்கும் இடத்தில் கணினிக்குத் தெரிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பான் அதைத்தான் உளறும். ஆண்டுக்கணக்கில் கைமாறி வரும் வினாத்தாள்கள் பல இந்த ரகம். ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றாமல் அவற்றை மாணவரிடம் கொடுத்தால் கொடுக்காததற்குச் சமம்.

பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் கூகுளின் ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ 2019இல் ஆண்ட்ராய்டுக்கு வந்தது. காது கேளாதோருக்கான கல்லாடெட் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து உருவாக்கியது, தமிழும் எடுக்கும். அமைதியான அறையில், ஒருவர் பேச, ஒரு மீட்டருக்குள் கைபேசி இருந்தால் வியக்கும்படி இருக்கிறது. வகுப்பறையில் அந்த மூன்றில் எதுவும் கிடைக்காது. சட்டைக் காலரில் மாட்டும் ஒலிவாங்கியைச் சேர்த்தால்தான் உருப்படும். பாடச்சொற்களில் அடிக்கடி சறுக்கும். ‘ஒளிச்சேர்க்கை’ ஒலியாகவும் வரலாம், வேறு எதுவாகவும் வரலாம். ஆகவே அன்றைய பாடத்தின் பத்துச் சொற்களை முன்பே கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிடுங்கள், திரையில் தப்பாக வந்தாலும் மாணவர் ஒப்பிட்டுக்கொள்வார். பின்வரிசை மாணவர் சொன்ன விடையை நீங்கள் திரும்பச் சொல்லாவிட்டால் அது திரைக்கு வரவே வராது. உரையைச் சேமிக்கும் அமைப்பை அணைத்துவையுங்கள், அதில் மற்ற பிள்ளைகளின் பேச்சும் இருக்கிறது. சைகை மொழியில் வளர்ந்து, தமிழ் வாசிப்பு இன்னும் கைவராத மாணவருக்கு இது பயனில்லை. அங்கே மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும்.

காதுக் கவசம் 20 முதல் 30 டெசிபல் வரை ஒலியைக் குறைக்கும், உங்கள் குரலையும் சேர்த்துத்தான். தனியாக எழுதும் நேரத்தில் மட்டும், மாணவரே கேட்டு எடுத்துக்கொள்ளும்படி ஒரு இடத்தில் வையுங்கள். கண்ணாடி அணிந்தவருக்குக் காதோரம் இடைவெளி விழுந்து பாதி பலன் போய்விடும். பென்சில் பிடி சிலருக்குச் சரிவரும், சிலருக்கு வராது. இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் கழற்றிவிட்டு, முக்கோணப் பென்சிலும், சாய்வுக்குத் தாளின் அடியில் ஒரு தடித்த கோப்பும் வைத்துப் பாருங்கள்.

எண் கோல்களைத் தயங்காமல் வாங்கலாம். பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குசினேர் வடிவமைத்தவை: 1 செ.மீ. வெள்ளை முதல் 10 செ.மீ. ஆரஞ்சு வரை பத்து நீளம், பத்து நிறம். 74 துண்டுகள் கொண்ட தொகுப்பு ஒரு மேசைக்குப் போதும். மேலே எண்ணோ கோடோ அச்சிட்ட வகையைத் தவிருங்கள். கோடு இருந்தால் மாணவர் ஒன்று இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிடுவார், 7 என்பதை 5உம் 2உமாகப் பார்க்கும் பயன் போய்விடும். நிறம் பிரித்தறிய முடியாதவர் நீளத்தால் அறியலாம், பார்வைக் குறையுள்ளவர் விரலால் அறியலாம். அவருக்கு அடியில் வழுக்காத விரிப்பு கட்டாயம், இல்லையென்றால் அடுக்கியதெல்லாம் ஒரு தொடுதலில் கலைந்துவிடும்.

படச்சீட்டுகளில்தான் எச்சரிக்கை தேவை. பேச்சு வராத குழந்தைகளுக்காக ஆண்டி பாண்டியும் லோரி ஃபிராஸ்ட்டும் 1985இல் வகுத்த படப் பரிமாற்ற முறைக்கு ஆறு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்துக்கே இரண்டு பெரியவர்கள் வேண்டும்: ஒருவர் எதிரே இருந்து சீட்டை வாங்கிக்கொண்டு பொருளைத் தருபவர், மற்றவர் பின்னாலிருந்து குழந்தையின் கையை வழிநடத்துபவர். அப்போது ‘உனக்கு என்ன வேணும்?’ என்று கேட்கவே கூடாது. கேட்டால், கேட்டால்தான் சீட்டை எடுக்க வேண்டும் என்று குழந்தை பழகிவிடும், தானாகத் தொடங்காது. தனியாளாக நிற்கும் பயிற்சி ஆசிரியர் பெட்டியைப் பார்த்துத் தொடங்கக் கூடிய வேலை இல்லை இது. குழந்தை ஏற்கெனவே வீட்டிலோ சிறப்பாசிரியரிடமோ எந்தச் சீட்டுகளை, எந்தக் கட்டத்தில் பயன்படுத்துகிறது என்று கேட்டு, அவற்றையே கொண்டுவரச் செய்யுங்கள். பெட்டியில் வரும் புதுப்படங்கள் அந்தக் குழந்தைக்கு வேற்றுமொழி.

கடைசியாக, பல பெட்டிகளில் இலவசமாகத் திணிக்கப்படும் ‘கற்றல் பாணி’ சோதனை அட்டைகள்: மாணவர் பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா, செய்து கற்பவரா என்று முத்திரை குத்தும் வினாக்கள். பாணிக்கேற்பக் கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்று நான்கு உளவியலாளர்கள் 2008இலேயே ஆய்வுகளை அலசி எழுதிவிட்டார்கள். சோதனை நடத்த ஒரு பாடவேளையை வீணாக்காதீர்கள். அட்டை மட்டும் நல்ல கனம், வாசிப்புச் சன்னல் வெட்டுவதற்குத் தோதானது.