மொரீசியஸில் கைச்செலவுக்குப் பணம்: டாலர் நோட்டா, ஏடிஎம் கார்டா?

மொரீசியஸில் ரோஸ் ஹில் நகரில் குடியிருக்கும் என் தங்கை வீட்டுக்குத் தைப்பூசத்தை ஒட்டி இருமுறை சென்று வந்திருக்கிறேன். முதல் பயணத்துக்கு மதுரையில் டாலர் வாங்கிச் சென்றேன். இரண்டாவது பயணத்தில் டெபிட் கார்டை மட்டுமே நம்பினேன். இனி ஒருமுறை போனாலும் கார்டோடுதான் போவேன். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

மற்ற வழிகள் எனக்கு ஒத்துவரவில்லை. மதுரையில் நான் விசாரித்த இரண்டு நாணய மாற்றுக் கடைகளிலும் மொரீசியஸ் ரூபாய் இல்லை. கிரெடிட் கார்டில் பணம் எடுத்தால் கட்டணத்தோடு, எடுத்த நாள் முதலே வட்டியும் ஏறும். 2024 பிப்ரவரி 12 அன்று யூபிஐ வசதி மொரீசியஸிலும் தொடங்கிவைக்கப்பட்டது. நான் ஒரே ஒரு கடையில்தான் அதைப் பயன்படுத்தினேன் என்பதால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. எப்படியும் பேருந்து நடத்துநருக்கும், தெருவோரம் தால் பூரி சுட்டுத் தருபவருக்கும் கையில் காசாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

டாலர் நோட்டில் நிம்மதி உண்டு. விமான நிலையத்தின் வருகைக் கூடத்திலேயே மாற்றிக்கொள்ளலாம், கார்டு முடங்கிவிடுமோ என்ற கவலையும் இல்லை. வங்கியின் கவுன்ட்டரில் மாற்றும்போது சில்லறை நோட்டாகக் கேட்டு வாங்கலாம் என்பது இதன் தனிச் சிறப்பு. அப்படித்தான் எனக்கு ஒரு கட்டு நூறு ரூபாய் நோட்டு கிடைத்தது. அதில் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வம்சாவளித் தலைவரின் படமும், தமிழ் எழுத்தில் தொகையும் அச்சாகியிருந்ததைப் பார்த்துக்கொண்டு கவுன்ட்டர் முன்னாலேயே சற்று நேரம் நின்றுவிட்டேன். (1998இல் தமிழைப் பின்னுக்குத் தள்ளி அச்சிட்ட நோட்டுகளுக்கு அங்குள்ள தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, அவை திரும்பப் பெறப்பட்டன.) ஆனால் டாலர் வழியில் பணம் இரண்டு முறை வெட்டுப்படுகிறது: மதுரையில் கடைக்காரர் விற்கும் விலைக்கு வாங்குகிறோம், அங்கே வங்கி வாங்கும் விலைக்கு விற்கிறோம். இரண்டு வெட்டும் சேர்ந்து, என் கணக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு ரூபாய் போயிற்று.

கார்டிலும் செலவு இல்லாமல் இல்லை. என் வங்கி வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 2 சதவீதம் மார்க்-அப்பும் (நாணயத்தை மாற்றித் தருவதற்கான கூடுதல் கட்டணம்), ஒவ்வொரு முறை பணம் எடுக்கவும் 150 இந்திய ரூபாயும், இரண்டின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கிறது. அந்த 150 ரூபாய் வரியோடு 177 ஆகிறது. 2,000 மொரீசியஸ் ரூபாய், அதாவது அப்போதைய மதிப்பில் சுமார் 3,800 இந்திய ரூபாய் எடுத்தால் அந்த 177 மட்டுமே நாலரை சதவீதத்துக்கு மேல். 10,000 எடுத்தால் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பவருக்கு டாலரே மேல்.

நான் சொன்ன நிபந்தனை ஏடிஎம் திரையில் வரும் ஒரே ஒரு கேள்வியைப் பற்றியது. முதல் பயணத்தின் கடைசி நாட்களில் டாலர் தீர்ந்துபோய், தங்கை வீட்டருகே இருந்த இயந்திரத்தில் கார்டைச் செருகினேன். தொகையை அழுத்தியதும், அதற்கு இணையான இந்திய ரூபாயைப் பெரிய எழுத்தில் காட்டி, இந்த விகிதத்தை ஏற்கிறீர்களா என்று கேட்டது. நம் ஊர்ப் பணத்தில் கணக்குத் தெரிகிறதே என்று மகிழ்ந்து ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்தினேன். இயந்திரத்துக்கு உரிய வங்கி தன் லாபத்தையும் வைத்துக் கட்டிய விகிதம் அது என்பது, ஊர் திரும்பி வங்கிக் கணக்கைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

இரண்டாம் முறை அதே கேள்விக்குத் தாள் பேனாவோடு நின்றேன். அன்றைய சந்தை மதிப்பில் 10,000 மொரீசியஸ் ரூபாய் சுமார் 19,000 இந்திய ரூபாய். திரை காட்டிய தொகை 20,140. மறுத்தால் பணமே வராதோ என்று பின்னால் நின்ற என் மைத்துனர்கூடச் சந்தேகப்பட்டார். மறுத்தேன், சில நொடிகளில் பணம் வந்தது. மாற்றும் வேலை என் வங்கியின் கணக்குக்கு வந்ததால், நிலையான கட்டணம் உட்படப் பிடிக்கப்பட்டது 19,625 ரூபாய். ஏற்றிருந்தால் அந்த 177 ரூபாய் 20,140க்கு மேலும் சேர்ந்திருக்கும் என்பதால், ஒரு பொத்தானில் எனக்கு மிஞ்சியது கிட்டத்தட்ட 700 ரூபாய். கடைகளில் கார்டு தேய்க்கும் கருவியும் இதே கேள்வியைக் கேட்பதுண்டு. அங்கும் மொரீசியஸ் ரூபாயையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கு எல்லாக் கார்டுக்கும் பொருந்தாது. உங்கள் வங்கி மூன்றரை சதவீதம் மார்க்-அப் பிடித்தாலோ, உள்ளூர் ஏடிஎம் தனிக் கட்டணம் கேட்டாலோ, டாலருக்கும் கார்டுக்கும் உள்ள வித்தியாசம் மறைந்துவிடும், சில சமயம் டாலரே மலிவாகிவிடும். மார்க்-அப் இல்லாத கார்டு வைத்திருப்பவர்கள் என்னைவிடக் கொடுத்துவைத்தவர்கள். எந்தக் கார்டானாலும் வெளிநாட்டுப் பயன்பாட்டைப் புறப்படும் முன்பே செயலியில் திறந்துவிடுவது அவசியம். அதற்கான ஓடிபி அயலூரில் வந்து சேரும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

மொத்தமாக எடுப்பதில் ஒரு சங்கடம், மீதம் நிற்பது. திரும்ப மாற்றினால் மறுபடி ஒரு வெட்டு, இந்தியாவுக்குக் கொண்டுவந்தாலோ வாங்க ஆளில்லை. என்னிடம் மிஞ்சிய 1,400 ரூபாயைத் தங்கையிடம் கொடுத்தேன். அதற்குச் சமமான இந்தியப் பணத்தை அம்மாவின் மருந்துச் செலவுக்கு மதுரையில் நானே கட்டிவிடுவதாகப் பேச்சு.