எலாஸ்டிக் இடுப்புப் பட்டையும் அந்த ‘சர்ர்’ சத்தமும்

நீடாமங்கலத்தில் நெல் கமிஷன் பார்க்கும் சிநேகிதன் போன வாரம் போன் போட்டான். “மாப்ள, சட்டைக்குள்ள ஒண்ணு கட்டிக்கிட்டு அலையிறியே, அது நல்லாருக்கா? நானும் ஒண்ணு வாங்கட்டுமா?” கேட்டது இவ்வளவுதான். நான் அரை மணி நேரம் பேசினேன். பேசி முடித்தபோது வாங்கச் சொன்னேனா வேண்டாமென்றேனா என்று அவனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. சரி, எழுதியாவது பார்ப்போம்.

2022 கடைசியில் டெக்சாஸிலிருந்து வந்த மச்சான் விட்டுவிட்டுப் போன பட்டை இது. அங்கே இதில் கைத்துப்பாக்கி வைப்பார்கள். நாலு அங்குல அகலத்துக்கு எலாஸ்டிக், முன்னால் ஒட்ட வெல்க்ரோ, துப்பாக்கிக்கு ஒரு பெரிய பை, அதன் வாயை மூட ஒரு வார், தோட்டா மேகசினுக்கு இரண்டு சின்னப் பை. தோல் உறை என்றால் அதை மாட்ட இடுப்பில் கெட்டியான பெல்ட் வேண்டும். இதற்கு எதுவும் வேண்டாம், டவுசர் மேலேயே கட்டிச் சட்டையை இறக்கிவிட்டால் வெளியே தெரியாது. 2021 செப்டம்பரிலிருந்து அந்த மாநிலத்தில் 21 வயது ஆனவர்கள், சட்டத்தில் தடை எதுவும் இல்லாவிட்டால், லைசன்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம். நமக்கு 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், லைசன்ஸ் இல்லாமல் துப்பாக்கியைத் தொட முடியாது. எனக்கு அது தேவையும் இல்லை. என் பிரச்சினை பணம்.

ஆத்தூர்ப் பக்கம் போய் அறுவடை மெஷின் பிடித்து வந்து மன்னார்குடி சுற்று வட்டாரத்தில் ஓட்ட விடுகிறேன். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் விவசாயியின் பேங்க் கணக்குக்குப் போய்விடும், ஆனால் மெஷின் வாடகை, டிரைவர் படி, மூட்டை தூக்குகிற கூலி எல்லாம் வரப்பில் நின்று ரொக்கமாக எண்ணிக் கொடுக்க வேண்டியவை. ஜிபே இருக்கிறதே என்பவர்கள் எங்கள் வயல் நடுவில் நின்று சிக்னல் பிடித்துக் காட்டட்டும். 2000 ரூபாய் நோட்டு புழங்கிய காலத்தில் ஐம்பது தாளில் ஒரு லட்சம் அடங்கிவிடும். 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்ததிலிருந்து லட்சம் என்றாலே ஐந்நூறில் இரண்டு கட்டு. சட்டைப் பையில் வைத்தால் நெஞ்சு வீங்கிய மாதிரி தெரியும். வேட்டி மடிப்பில் வைத்தால் கை அங்கேயே போய்க்கொண்டிருக்கும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள்.

இந்தப் பட்டையில் துப்பாக்கிப் பைக்குள் இரண்டு கட்டும் கச்சிதமாகப் போகிறது. சின்னப் பை ஒன்றில் வண்டிச் சாவி, இன்னொன்றில் சில்லறை நோட்டு. முதல் சம்பாவிலேயே ஒரு சந்தோஷம் கிடைத்தது. முன்பெல்லாம் முன்பணம் கொடுக்க ஆத்தூருக்கு ராத்திரி பஸ்ஸில் போனால், மஞ்சப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடிய விடிய முழித்திருப்பேன். இதைக் கட்டிய முதல் தடவை தஞ்சாவூர் தாண்டியதும் கண்ணை மூடியவன், கண்டக்டர் தோளைத் தட்டித்தான் எழுந்தேன். பணம் வயிற்றோடு வயிறாக இருந்தது. இன்னொன்று, நான் எதிர்பார்க்காதது. சட்டைக்கு மேல் லேசாகத் தெரிந்தாலும் ஊரில் ஒருத்தர்கூடப் பணம் என்று நினைப்பதில்லை, “என்ன தம்பி, இடுப்பு வலியா? பெல்ட்டுல்லாம் போட்டிருக்கே” என்று கேட்டு எண்ணெய் வைத்தியம் சொல்கிறார்கள். இதைவிட நல்ல மறைப்பு எந்த அமெரிக்கனுக்கும் கிடைக்காது.

ஆனால் வேர்வை. தை மாதம் என்றால் தாங்கலாம், பனி உலர்ந்து பத்து மணிக்கு மேல்தான் மெஷினே வயலில் இறங்கும். குறுவை அறுப்பு புரட்டாசிப் புழுக்கத்தில் வருகிறது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டுக் கூட்ஸ் போகிறவரை வெயிலில் நின்றால் போதும், பட்டைக்குள் ஆறு ஓடும். ஒருநாள் டிரைவரிடம் கூலியை நீட்டினேன், பையன் நோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “அண்ணே, கஞ்சி போட்டு எடுத்தாந்தீங்களா?” என்றான். அன்றிலிருந்து பணத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றித்தான் வைக்கிறேன். உட்கார்ந்தால் மேல் ஓரம் பாய் மாதிரி சுருண்டுகொள்வது தனிக் கதை, அதில் பாதித் தப்பு என் தொப்பையுடையது.

மச்சான் சொன்ன ஒரு விஷயம் எனக்கும் பொருந்துகிறது. துப்பாக்கியை உருவியதும் எலாஸ்டிக் பையின் வாய் சப்பென்று மூடிக்கொள்ளும், ஒரு கையால் திரும்பச் சொருக முடியாது. பட்டையைக் கழற்றிவிட்டுச் சொருகுவதுதான் பத்திரம் என்கிறான். துணி மெத்தென்று இருப்பதால் வெளியிலிருந்து எதுவும் அழுத்தினால் விசையில் படுகிற ஆபத்தும் உண்டாம், அதனால் விசையை மூடக் கெட்டியான பிளாஸ்டிக் கூடு வைத்த பட்டையைத்தான் விவரம் தெரிந்தவர்கள் வாங்குகிறார்கள். என் நோட்டுக்கட்டு வெடிக்காது. ஆனாலும் மிச்சப் பணத்தை உள்ளே வைக்க ஒரு கை சட்டையைத் தூக்க, இன்னொரு கை பை வாயைப் பிரிக்க, மூன்றாவது கைக்கு எங்கே போவது? வாயால் சட்டையைக் கவ்விக்கொண்டு வரப்பில் நின்றிருக்கிறேன்.

இதையெல்லாம் மன்னித்துவிடுவேன். மன்னிக்க முடியாதது அந்த வார். பையின் வாயை மூடுகிற வாரும் வெல்க்ரோதான். அதைப் பிரித்தால் வருகிற சத்தம் இருக்கிறதே, புதுத் துணியைக் கிழித்த மாதிரி சர்ர்ர்ரென்று நாலு வீட்டுக்குக் கேட்கும். மறைத்து வைக்கச் செய்த பொருளுக்கு இப்படி ஒரு வாயா? துக்க வீட்டில் சித்தப்பா கையில் கொஞ்சம் பணம் கொடுக்கலாமென்று மெதுவாக, மிக மெதுவாகப் பிரித்தேன். மெதுவாகப் பிரித்தால் சத்தம் நீளுமே தவிரக் குறையாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுதுகொண்டிருந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள். பேரம் பேசும்போது இதைவிட மோசம். “தம்பி, கையில இவ்வளவுதான் இருக்கு” என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கொடுத்தால், டிரைவர் சிரிக்காமல் சொல்கிறான்: “இன்னொரு தடவை பிரிங்கண்ணே.”

வைக்கோல் தூசு வேறு. மெஷினுக்குப் பின்னால் நின்றால் பறக்கிற சுணை எல்லாம் வெல்க்ரோவின் கொக்கிக்குள் போய் அடைந்துகொள்ளும், ஒரு சீசன் முடிவதற்குள் ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டாது, வேட்டிக் கரையில் மட்டும் பிரமாதமாக ஒட்டி நூலைப் பிடுங்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் ஊசியுமாக உட்கார்ந்து சுத்தம் செய்வேன். என் வீட்டம்மாள் ஒரு கத்திரி வெயிலில் துவைத்து மாடியில் காயப்போட்டுவிட்டாள். எலாஸ்டிக்குக்கு வெயில் ஆகாது என்பது அவளுக்கு எப்படித் தெரியும், எனக்கே தெரியாது. அதன் பிறகு கட்டினால் இடுப்பில் நிற்காமல் தொங்கியது.

2024 மார்ச்சில், தேர்தல் அறிவித்த சமயம், பறக்கும் படை வண்டியை மறித்தது. ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் என்றால் கையில் கணக்கு வேண்டும், என்னிடம் இருந்தது நாற்பத்திரண்டாயிரம், தப்பித்தேன். ஆனால் பட்டையைப் பார்த்த அதிகாரி, “இது என்ன பை?” என்றார். லைசன்ஸ் துப்பாக்கியையே ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லும் நேரத்தில் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. “இடுப்பு வலி சார்” என்றேன். அவரும் ஒரு எண்ணெய் பெயர் சொன்னார்.

போன மாதம் மன்னார்குடியில் ஒரு தையல்காரரிடம் கொடுத்தேன். பின்பக்கம் புது எலாஸ்டிக் வைத்து, அந்த வாரை வெட்டி எறிந்து பிரஸ் பட்டன் தைத்துத் தந்தார். நூற்றிருபது ரூபாய். இப்போது டப் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். முப்பது டாலர் பொருளில் இதைச் செய்ய, அதைத் தயாரித்தவனுக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

அந்தத் தையல்காரரே கேட்டார், “பட்டாபட்டி டிராயர்ல பை வச்சுத் தைக்கிறோமே, அது போதாதா?” என்று. என் தாத்தா அப்படித்தான் மாடு விற்ற காசைக் கொண்டுவருவார். பருத்தி, வேர்வையைக் குடிக்கும், சத்தமே போடாது.

யோசித்துவிட்டுச் சிநேகிதனுக்குப் போன் செய்தேன். வாங்காதே, இரண்டு பட்டாபட்டி தைத்துக்கொள் என்றேன். “அப்ப உன்னோடதைக் குடுத்துடு, நான் ஒரு சீசன் கட்டிப் பாக்குறேன்” என்றான். குறுவை முடியட்டும் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.