ஓசூர் ரோட்டில் உரசிவிட்டுப் பணம் பறிக்கிறார்கள்: டிஎன் வண்டிக்காரர்கள் கவனம்

பெங்களூரு ஓசூர் ரோட்டில், எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்குக் கீழே ஓடும் சாலையில் கார் ஓட்டுகிறவர்கள், அதிலும் தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டோடு வருகிறவர்கள், இதைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள். ஊர்ந்து போகும் நெரிசலில் வேண்டுமென்றே வண்டியை உரசவிட்டு, "நீங்கள்தான் இடித்தீர்கள்" என்று வழிமறித்துப் பணம் வாங்குகிறார்கள். எங்களிடம் எட்டாயிரம் ரூபாய் வாங்கினார்கள். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். வெறும் வயிற்றோடு இருந்த என் அம்மாவை நடுரோட்டில் வைத்து அவர்கள் பேசிய பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை.

அம்மா ஓசூரில் இருக்கிறார். நான் பெங்களூரில், இதே ரோட்டில் இருக்கும் கூட்லு கேட் பக்கம். வண்டி அம்மா பெயரில், டிஎன் 70, அதாவது ஓசூர்ப் பதிவு. அம்மாவுக்கு ஜெயநகரில் ஒரு மருத்துவமனையில் வயிற்று ஸ்கேன். சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்தார்கள். முதல் நாளே ஓசூர் போய்த் தங்கி, காலையில் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியில் என் வீட்டிலிருந்து பழைய ரிப்போர்ட்டை எடுக்க வேண்டியிருந்ததால் மேம்பாலத்தில் ஏறாமல் கீழேயே வந்தேன். ஹொச ரோடு சிக்னல் தாண்டி, மார்பிள், கிரானைட் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. நானும் நின்றேன். கால் பிரேக்கில் இருக்கிறது, வண்டி அசையவில்லை. இடது பக்கத்தில் ஒரு வெள்ளிநிற செடான், இண்டிகேட்டர் போடாமல், என் மூக்குக்கு முன்னால் நுழைந்தது. அதன் வலது பின்பக்கம் என் பம்பரின் இடது முனையை உரசிக்கொண்டே போனது. பிறகு நான்கடி முன்னால் போய் நின்றது.

இறங்கியவர்கள் மூன்று பேர். ஒருவர் கன்னடத்தில் சத்தம் போட, இன்னொருவர் நல்ல தமிழில், "மேடம், பின்னாடி வந்து இடிச்சிட்டீங்களே, இறங்குங்க" என்றார். நின்றுகொண்டிருந்த வண்டி எப்படி இடிக்கும் என்று கேட்டேன். "பின்னாடி இருக்கிற வண்டி மேலதான் தப்பு, சட்டம் தெரியாதா?" என்றார். நிறையப் பேர் இதைச் சட்டம் என்றே நம்புகிறார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. பின்னால் வருபவர் போதிய இடைவெளி விட வேண்டும் என்பது போலவே, பாதை மாறுகிறவர் அது பாதுகாப்பானதா என்று பார்த்து, சைகை காட்டித்தான் மாற வேண்டும் என்றும் 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. யார் எங்கே எப்படி வந்தார்கள் என்பதைப் பார்த்துத்தான் தப்பை முடிவு செய்ய வேண்டும்.

அவர்கள் காட்டியது இரண்டு சேதம். வலது பின்கதவிலிருந்து பின்சக்கரம் வரை ஒரு கீறல். அதோடு டிக்கி ஓரத்தில் உள்ளங்கை அளவு ஒரு டென்ட். ஒருவர் யாருக்கோ போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "கேரேஜ்காரர்" என்றார். பார்க்காமலே நாற்பதாயிரம் ஆகும் என்றது அந்தக் குரல். நான் அவசர உதவி எண் 112-க்கு அடிக்கிறேன் என்றதும் பேச்சு மாறியது. போலீஸ் வந்தால் எஃப்ஐஆர், வண்டி சீஸ், லைசன்ஸ் மூன்று மாதம் சஸ்பெண்ட், கோர்ட்டுக்கு ஓசூரிலிருந்து அலைய வேண்டும், அதுவும் டிஎன் வண்டி, இங்கே டாக்ஸ் கட்டாமல் ஓட்டுவதற்குத் தனிக் கேஸ் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். லைசன்ஸைக் கொடுங்கள் என்று கை நீட்டினார்கள். ஒருவர் கார் கதவை மூட விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

லைசன்ஸை நான் கொடுக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 130-வது பிரிவுப்படி, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். தெருவில் போகிறவர் கேட்டால் அவர் கையில் கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. டிஎன் வண்டி மிரட்டலும் அப்படித்தான். வேறு மாநில வண்டியை ஒரு மாநிலத்திலேயே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் பதிவை மாற்ற வேண்டும் என்கிறது 47-வது பிரிவு. ஓசூரிலிருந்து அன்று காலை கிளம்பி வந்த வண்டிக்கு அதில் என்ன இருக்கிறது?

சட்டம் நம் பக்கம் இருந்தாலும் நேரம் அவர்கள் பக்கம் இருந்தது. பின்னால் ஹாரன். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, முகம் வெளுத்துக்கொண்டிருந்தது. "வயசானவங்களை வெச்சிக்கிட்டு ஸ்டேஷன்ல உட்காரப் போறீங்களா?" என்று என்னிடம் கேட்டவர், அம்மா பக்கம் குனிந்து, "பொண்ணுக்கு வண்டி ஓட்டக் கத்துக் கொடுக்காம ரோட்டுல விட்டிருக்கீங்களே" என்றார். நாற்பது இருபத்தைந்தாகி, பன்னிரண்டாகி, எட்டில் வந்து நின்றது. உண்மையிலேயே நாற்பதாயிரம் நஷ்டப்பட்டவர் கால் மணி நேரத்தில் எட்டாயிரத்துக்கு இறங்குவாரா? அம்மாவை அங்கிருந்து கிளப்ப வேண்டும் என்பதற்காக யுபிஐ-யில் அனுப்பினேன். அவர்கள் காட்டிய க்யூஆர் கோடு ஏதோ ஒரு "ஸ்டோர்ஸ்" பெயரில் இருந்தது. தன் பெயர் என்று அந்த ஆள் சொன்னதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அத்தோடு கன்னடத்தில் எழுதிய ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து கேட்டார்கள். அம்மா அதுவரை பேசாமல் இருந்தவர், "படிக்கத் தெரியாத தாள்ல கையெழுத்துப் போடாதே, வண்டியை எடு" என்றார். அந்தத் தாளில் என் தப்பு என்று நானே ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்திருந்தால் பிறகு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

கிளம்பும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்திருந்தேன். அதில்தான் எல்லாம் வெளியே வந்தது. பொம்மனஹள்ளியில் எங்கள் வண்டிக்கு டிங்கரிங் செய்யும் அண்ணனிடம் பம்பரையும் போட்டோக்களையும் காட்டினேன். முப்பது வருஷமாகத் தகரம் தட்டுகிறவர். முதலில் எங்கள் பம்பரை விரலால் தடவினார். "பெயிண்ட் எந்தப் பக்கமா சுருண்டு நிக்குது பாரும்மா" என்றார். கீறல் பம்பரின் பக்கவாட்டில் மெல்லியதாகத் தொடங்கி, முன்முனையில் பெயிண்ட் செதிலாக எழும்பி முடிந்திருந்தது. அதாவது உரசிய பொருள் பின்னாலிருந்து முன்னால் போயிருக்கிறது. நான் ஓட்டிக்கொண்டு போய் அவர்களை உரசியிருந்தால் என் பம்பரில் கீறல் முன்னாலிருந்து பின்னால் இழுத்திருக்கும். நின்ற வண்டியையோ மெதுவாகப் போகும் வண்டியையோ ஒருவர் கடந்து போகும்போதுதான் இப்படி விழும். அவர்கள் வண்டிப் போட்டோவிலும் கதவில் தொடங்கிப் பின்சக்கரத்தை நோக்கித்தான் கீறல் போகிறது. இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றன.

அடுத்து அந்த டென்ட். போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினார். குழிக்குள் தூசி படிந்து கறுத்திருந்தது, ஓரத்தில் துரு. பெயிண்ட் உரிந்த இடத்தில் வெளிர்நிறப் பட்டி, அதாவது குழியை நிரப்பப் பூசும் பசை, தெரிந்தது. ஏற்கனவே அடிபட்டு, பட்டி வைத்துப் பூசி, மறுபடி விரிந்த இடம் அது. அன்று காலை பட்ட அடியில் துரு எங்கிருந்து வரும்? அதைவிட முக்கியமாக, டென்ட் இருந்த உயரத்துக்கு எங்கள் பம்பரே எட்டாது. அவ்வளவு உயரத்தில் இடித்திருந்தால் எங்கள் பானட் மடங்கியிருக்க வேண்டும். பானட்டில் ஒரு கோடு கூட இல்லை. இன்ஷூரன்ஸ் வேண்டாம், கையில் கொடுங்கள் என்று அவர்கள் ஏன் துடித்தார்கள் என்பது அப்போது புரிந்தது. க்ளெய்முக்குப் போனால் சேதத்தை மதிப்பிடும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் வண்டியைப் பார்ப்பார். பழைய அடி, புதிய அடி அவருக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

அடுத்த வாரம் மறுபடி போன். வேலை முடிந்ததாம், இன்னும் பதினைந்தாயிரம் வேண்டுமாம், தராவிட்டால் இடித்துவிட்டு நிற்காமல் ஓடிவிட்டதாகக் கேஸ் கொடுப்பார்களாம். நானே ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே கிடைத்த அனுபவத்தையும் சொல்ல வேண்டும். பெங்களூரில் போக்குவரத்துக் காவல் நிலையமும் சட்டம் ஒழுங்கு நிலையமும் தனித்தனி. போக்குவரத்து நிலையத்தில், "சின்ன விஷயம், காம்ப்ரமைஸ் பண்ணிக்கோங்க, பணம் மிரட்டிக் கேட்டா அது அங்கே" என்றார்கள். சட்டம் ஒழுங்கு நிலையத்தில், "ஆக்சிடென்டா? டிராஃபிக் ஸ்டேஷன் போங்க" என்றார்கள். ஒருவரை விட்டு ஒருவரிடம் போய் அரைநாள் போனது. பணம் பறிகொடுத்தவளை இப்படி அலைக்கழிப்பதுதான் இந்தக் கும்பலுக்குத் தைரியம் தருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால் உங்களுக்கு இது நடந்தால் புகாரை விபத்து என்று தொடங்காதீர்கள். வழிமறித்து மிரட்டிப் பணம் பறித்தார்கள் என்று முதல் வரியிலேயே எழுதி, சட்டம் ஒழுங்கு நிலையத்தில் கொடுங்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் மிரட்டிப் பணம் பறிப்பது 308-வது பிரிவு, போக விடாமல் தடுப்பது 126. எங்கள் எல்லை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். மறுத்தால் அதே புகாரைத் தபாலில் மேலதிகாரிக்கு, பெங்களூரில் துணை ஆணையருக்கு (டிசிபி), அனுப்பலாம். நான் இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு இரண்டாவது முறை போனபோதுதான் மனுவை வாங்கி ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள்.

மனுவோடு கொடுத்த சிசிடிவி பதிவு, அந்த இடத்தில் இருக்கும் ஒரு மார்பிள் கடையினுடையது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் தேடிக் கொடுத்தார். எங்கள் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருப்பதும், செடான் வந்து நுழைவதும் தெளிவாகத் தெரிகிறது. இந்தப் பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்து மேலே புதிது ஏறிவிடும். அன்றே போய்க் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் வாங்காமல் பென்டிரைவில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் தரம் குறைந்து நம்பர் பிளேட் படிக்க முடியாமல் போகும்.

ரோட்டில் நிற்கும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். பேரம் தொடங்குவதற்கு முன்பே, வண்டியை நகர்த்தும் முன்பே, இரண்டு வண்டியும் நிற்கும் நிலையை நம்பர் பிளேட் தெரியும்படி வீடியோ எடுத்து, அவர்கள் காதில் விழும்படி 112-க்குப் பேசுங்கள். போலீஸின் ஹொய்சளா ரோந்து வண்டி வரும். யாருக்காவது காயம் என்றால் அது வேறு. அப்போது அடிபட்டவருக்கு உதவுவதும் போலீஸுக்குச் சொல்வதும் ஓட்டுநரின் கடமை. பெயிண்ட் உரசலுக்கு உங்கள் பதில் "இன்ஷூரன்ஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது மட்டும் போதும். உங்கள் பக்கமே தப்பு என்று ஆனால்கூட, தனியார் கார் பாலிசியில் மற்றவரின் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை காப்பு இருக்கிறது.

மனு கொடுத்த பிறகு அந்த எண்ணிலிருந்து போன் வருவதில்லை. எட்டாயிரமும் வரவில்லை. அம்மாவின் ஸ்கேன் அன்று தள்ளிப் போய், பிறகு எடுத்தோம், நன்றாக இருக்கிறார். ஹொச ரோடு, சிங்கசந்திரா, கூட்லு கேட் பகுதியில் இதே மாதிரி வெள்ளிநிற செடானுக்கோ வேறு வண்டிக்கோ பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், தொகை சின்னது என்று விட்டுவிடாமல் நீங்களும் எழுத்தில் புகார் கொடுங்கள். பணம் போன யுபிஐ கணக்கின் பெயரையும் பரிவர்த்தனை எண்ணையும் புகாரில் கட்டாயம் எழுதுங்கள். ஒரே கணக்கு இரண்டு மூன்று புகாரில் வந்தால், இதைச் சின்ன விஷயம் என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது.