ஹெல்ப் வரியும் கையேடும்: விர்ஷ், கியூஎமு, விபாக்ஸ்மேனேஜ் மூன்றில் எது தேவலை?

விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் கம்ப்யூட்டர்களை, டெர்மினலிலிருந்து நிர்வகிக்கும் கருவி விர்ஷ். அதில் 'டெஸ்ட்ராய்' என்றொரு கட்டளை இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது விர்ச்சுவல் மெஷினை அழிப்பதில்லை, ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்துகிறது, அவ்வளவுதான். அதற்கு 'கிரேஸ்ஃபுல்' என்று ஒரு ஆப்ஷன் உண்டு. ஹெல்ப் கேட்டால், பதமாக நிறுத்தும் என்ற அளவில் ரெண்டே சொல் வருகிறது. படிப்பவர் என்ன நினைப்பார்? உள்ளே இருக்கும் லினக்ஸோ விண்டோஸோ ஒழுங்காக ஷட்டவுன் ஆகும் என்றுதானே. ஆகாது. மேன் பேஜைத் (கருவியின் கையேட்டுப் பக்கத்தை) திறந்தால்தான் விஷயம் தெரியும். டெஸ்ட்ராய் என்பது நிஜ கம்ப்யூட்டரின் பவர் வயரைப் பிடுங்குவதற்குச் சமம் என்கிறது அது. கிரேஸ்ஃபுல் போட்டாலும் இது மாறாது. நியாயமான நேரத்துக்குள் கெஸ்ட், அதாவது அந்த விர்ச்சுவல் மெஷின், நிற்கவில்லை என்றால் 'சிக்கில்' (வலுக்கட்டாயமாக முடிக்கும் சிக்னல்) போன்ற கடைசி ஆயுதத்தை எடுக்காமல் பிழைச் செய்தியோடு திரும்பிவிடும். அந்தப் 'பதம்' இவ்வளவுதான்.

ஆக, ஒரு ஆப்ஷனுக்கு ரெண்டு ஆவணங்கள் தேவைப்படுகின்றன. ஒன்று, அவசரத்தில் பார்க்கும் ஒற்றை வரி. இன்னொன்று, உட்கார்ந்து படிக்கும் பத்தி. புதிதாக ஓர் ஆப்ஷன் சேர்ப்பவர் இந்த ரெண்டையும் எங்கே எழுத வேண்டும் என்பதில்தான் விர்ச்சுவல் மெஷின் கருவிகளான விர்ஷ், கியூஎமு, விபாக்ஸ்மேனேஜ் மூன்றும் மூன்று பாதையில் போகின்றன.

முதலில் விர்ஷ். விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் நூலகமான லிப்விர்ட் திட்டத்தின் கட்டளைக் கருவி. சி மொழியில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் ஆப்ஷன் அட்டவணை இருக்கும். பெயர், வகை (ஆம்/இல்லை, எண், சரம்), ஒரு ஹெல்ப் வரி, விருப்பப்பட்டால் டேப் தட்டினால் நிரப்பும் கம்ப்ளீட்டர். இந்த அட்டவணையில் ஒரு வரியைச் சேர்த்து, கட்டளையின் ஃபங்ஷனில் அதைப் படித்து, அதற்குரிய ஃபிளாகை (ஆம்/இல்லை குறியை) லிப்விர்ட்டின் ஏபிஐக்கு (நிரல்கள் அதை அழைக்கும் வாசலுக்கு) அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. ஹெல்ப் வெளியீடு தானாகவே அட்டவணையிலிருந்து வந்துவிடும். அட்டவணை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, ஹெல்ப்பில் தென்படாத 'செல்ஃப்-டெஸ்ட்' என்ற கட்டளை ஒன்று விர்ஷுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. டெஸ்ட் ஓட்டும்போது அது ஒவ்வொரு அட்டவணையையும் சரிபார்க்கும்.

மேன் பேஜ் மட்டும் தனிக் கோப்பு. முன்பு பெர்ல் உலகத்தின் பாட் என்ற ஆவண வடிவத்தில் இருந்தது, இப்போது ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற ஆவண வடிவத்தில் இருக்கிறது. அட்டவணைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. பேட்ச் (நிரல் மாற்றம்) அனுப்புபவர் மறந்தால், ரிவியூ செய்பவர்தான் "மேன் பேஜ் எங்கே?" என்று கேட்க வேண்டும். பலவீனமான ஏற்பாடு என்று தோன்றும். ஆனால் மூன்று கருவிகளிலும் படிக்கத் தோதான கையேடு எது என்று கேட்டால் நான் விர்ஷைத்தான் சொல்வேன். பவர் வயர் பிடுங்குவது மாதிரியான வாக்கியம் ஒரு அட்டவணைக் கட்டத்துக்குள் வராது. கையேட்டுக்கென்றே தனியாக உட்கார்ந்து எழுதுபவர்தான் அப்படி எழுதுவார்.

இதில் நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள சமாச்சாரம் ஒன்று உண்டு. அந்த ஹெல்ப் வரியை மொழிபெயர்ப்புக்கு உரியது என்று குறியிட்டுத்தான் எழுத வேண்டும். லிப்விர்ட்டின் மொழிபெயர்ப்புக் கோப்புகளில் தமிழுக்கும் ஒன்று இருக்கிறது. மேன் பேஜோ ஆங்கிலத்தில் மட்டும்தான். எனவே தமிழில் விர்ஷ் பயன்படுத்துபவருக்குக் கிடைப்பது, அதுவும் யாராவது மொழிபெயர்த்திருந்தால், அந்தக் குட்டி வரி மட்டுமே. அதைச் சோம்பேறித்தனமாக எழுதினால் எல்லா மொழியிலும் சோம்பேறித்தனமாகவே போய்ச் சேரும்.

அடுத்து கியூஎமு, விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் மென்பொருள். இங்கே ஏற்பாடு தலைகீழ். 'எச்எக்ஸ்' என்ற நீட்சியுடன் ஒரே கோப்பு. அதில் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் ஒரு பதிவு: பெயர், மதிப்பு எடுத்துக்கொள்ளுமா, ஹெல்ப் வரி, எந்தெந்தக் கணினிக் கட்டமைப்புகளுக்குப் பொருந்தும். அதற்கு அடுத்த வரியிலேயே கையேட்டுப் பத்தி. பில்ட் செய்யும்போது (நிரலிலிருந்து மென்பொருளை உருவாக்கும்போது) ஒரு ஸ்கிரிப்ட் இந்தக் கோப்பிலிருந்து சி மொழிக்கான பகுதியைப் பிரித்தெடுக்கும், ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணக் கருவி கையேட்டுப் பகுதியை எடுத்துக்கொள்ளும். 2020 வாக்கில் டெக்ஸ்இன்ஃபோ என்ற பழைய ஆவண வடிவத்திலிருந்து ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டுக்கு மாறியபோதும் இந்தப் பக்கத்து வீட்டு ஏற்பாடு மாறவில்லை. ஹெல்ப் வரியைத் தொட்டால் கீழே இருக்கும் பத்தி கண்ணில் படாமல் போகாது. புதிய ஆப்ஷனுக்குப் பத்தி இல்லையென்றால் பேட்சிலேயே ஓட்டை தெரியும். ஆவணம் இல்லாமல் ஓர் ஆப்ஷன் நழுவிவிடக் கூடாது என்பது மட்டுமே உங்கள் கவலை என்றால் இதைவிட நல்ல வழி இல்லை.

சரி, அப்படியென்றால் கியூஎமு கையேடு ஏன் அவ்வளவு தடுமாற வைக்கிறது? காரணம், சரக்கெல்லாம் அந்தக் கோப்பில் இல்லை. ஏற்கனவே மலைபோல் குவிந்திருக்கும் முதல்நிலை ஆப்ஷன்களோடு இன்னொன்றைச் சேர்ப்பதை அங்கே அவ்வளவாக ரசிக்க மாட்டார்கள். 'மெஷின்', 'டிவைஸ்', 'ஆப்ஜெக்ட்' போன்றவற்றின் கீழ் ஒரு பிராப்பர்ட்டியாக (உள் ஆப்ஷனாக) சேருங்கள் என்பார்கள். டிவைஸ் பெயருக்குப் பின் காற்புள்ளி போட்டு ஹெல்ப் கேட்டால் பிராப்பர்ட்டிகளின் பட்டியல் வரும்: பெயர், வகை, சிலவற்றுக்கு இயல்பு மதிப்பு. எதற்கு, எப்போது, போட்டால் என்ன ஆகும் என்பதற்கெல்லாம் பெரும்பாலும் பதில் இருக்காது. டிஸ்க்குகளுக்கான 'பிளாக்டெவ்' போன்றவை தப்பித்தன. அவை கட்டளைகளையும் மதிப்பு வகைகளையும் வரையறுக்கும் க்யூஏபிஐ என்ற ஸ்கீமாவிலிருந்து வருகின்றன. அந்த ஸ்கீமாவில் விளக்கக் குறிப்பு இல்லாத கட்டளையோ வகையோ இருந்தால் பில்டே நின்றுவிடும். எந்த வெளியீட்டில் சேர்ந்தது என்றும் குறிப்பார்கள். ஒரே மென்பொருளுக்குள் மிகக் கண்டிப்பான ஏற்பாடும் மிகத் தளர்வான ஏற்பாடும் அருகருகே கிடக்கின்றன.

மூன்றாவது, விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் இன்னொரு மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸின் கட்டளைக் கருவி, விபாக்ஸ்மேனேஜ். இங்கே கையேடுதான் தாய். ஒவ்வொரு துணைக்கட்டளைக்கும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. அதிலிருந்தே பயனர் கையேட்டின் பக்கமும், மேன் பேஜும், நிரலுக்குள் இருக்கும் ஹெல்ப்பும் பிறக்கின்றன. முன்பெல்லாம் ஹெல்ப் உரை சி பிளஸ் பிளஸ் கோப்பில் கையால் எழுதப்பட்டிருந்தது, பிறகுதான் கட்டளை கட்டளையாக இந்த முறைக்கு நகர்த்தினார்கள். பலன், டெர்மினலில் பார்ப்பதும் கையேட்டில் படிப்பதும் ஒன்றுக்கொன்று முரண்படாது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆப்ஷனை உண்மையில் படித்துப் புரிந்துகொள்ளும் அட்டவணை இன்னமும் நிரலில்தான் இருக்கிறது. அங்கே சேர்த்துவிட்டு எக்ஸ்எம்எல்லை மறந்தால் ஆப்ஷன் வேலை செய்யும், ஹெல்ப்பும் கையேடும் சேர்ந்து மௌனம் சாதிக்கும். விர்ஷிலாவது ஹெல்ப் வரி உங்களைக் காப்பாற்றும். இன்னொரு சிக்கல், மெஷினின் அமைப்புகளை மாற்றும் 'மாடிஃபைவிஎம்' போன்ற கட்டளைக்கு ஹெல்ப் கேட்டால் கையேடே திரையில் கொட்டுகிறது. கிரெப் (சொல் தேடும் கட்டளை) போடாமல் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

விர்ட்-இன்ஸ்டால் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய விர்ச்சுவல் மெஷினை உருவாக்கும் கருவி, பைத்தானில் எழுதியது. 'டிஸ்க்' ஆப்ஷனுக்கு மதிப்பாக ஒரு கேள்விக்குறி கொடுத்தால் உள் ஆப்ஷன்கள் எல்லாவற்றையும் பட்டியல் போடும். பெயர்கள் லிப்விர்ட் எக்ஸ்எம்எல்லின் கிளைகளை ஒட்டியே போவதால், விளக்கம் வேண்டுமென்றால் லிப்விர்ட்டின் எக்ஸ்எம்எல் ஆவணத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கெட்டிக்காரத்தனமான சோம்பல் என்பேன்.

அப்புறம் பெயர். ஹெல்ப்பையும் பத்தியையும் நாளைக்குத் திருத்தலாம், ஆனால் பெயர் வெளியே போய் யாரோ ஒருவரின் ஸ்கிரிப்ட்டில் உட்கார்ந்துவிட்டால் திருத்துவது கஷ்டம். 'நோட்டெவ்-டிட்டாச்' என்ற விர்ஷ் கட்டளை ஆரம்பத்தில் எழுத்துப்பிழையோடு, ஆங்கில எழுத்துக்கோர்வையில் 'டிட்டாச்'சின் நடுவே ஒரு 'டி'க்குப் பதில் ரெண்டு 'டி'யோடு வெளியானது. பிறகு சரியான எழுத்துடன் கட்டளை வந்தது. பிழையானதும் மாற்றுப் பெயராக இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆப்ஷன்களுக்கும் 'அலையஸ்' என்று தனி வகையே வைத்திருக்கிறார்கள். விபாக்ஸ்மேனேஜிலும் இதே கதைதான். சொற்களை ஒட்டவைத்த பழைய 'ஆடியோகன்ட்ரோலர்' பாணியும், நடுவில் கோடு போட்ட புதிய பாணியும் ரெண்டுமே செல்லும்.

கியூஎமு மட்டும் வெட்டிவிடும். கைவிடப்படுபவை பட்டியலில் ஏற்றி, ரெண்டு வெளியீடுகள் பொறுத்திருந்து, பிறகு நீக்கிவிடுவார்கள். ஏசிபிஐயை (வன்பொருளையும் மின்சக்தியையும் நிர்வகிக்கும் தரத்தை) அணைக்கும் 'நோ-ஏசிபிஐ' ஆப்ஷன் அப்படித்தான் 8.0ல் பட்டியலில் ஏறி 9.0ல் காணாமல் போனது. இப்போது 'மெஷின்' ஆப்ஷனின் கீழ் ஏசிபிஐயை ஆஃப் செய்ய வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு எரிச்சல்தான். என்றாலும் எது போனது, எந்த வெளியீட்டில் போனது, அதற்குப் பதில் எது என்று நீக்கியவற்றுக்கும் அங்கே தனிப் பக்கம் வைத்திருக்கிறார்கள். கியூஎமு ஆவணங்களில் நான் அடிக்கடி திறக்கும் பக்கம் அதுதான்.