வணிக நீதிமன்றத்தின் முதல் வழக்கு மேலாண்மை அமர்வு: ஒரு வாதியின் மதிப்புரை

எங்கள் சாயப்பட்டறைக்கு வாங்கிய கழிவுநீர் ஆவியாக்கி, ஒப்பந்தத்தில் எழுதிய கொள்ளளவில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆகவே இயந்திரத்தை விற்ற நிறுவனம், அதன் வடிவமைப்புக்குச் சான்றளித்த ஆலோசகர், நிறுவிக் கொடுத்த ஒப்பந்ததாரர் ஆகிய மூவர் மீதும் வணிக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தோம். வழக்கின் வெற்றி தோல்வி இங்கே பேச்சில்லை. விசாரணை தொடங்குமுன் நாள்களையும் நடைமுறையையும் வகுத்துத் தந்த அந்த ஒரு அமர்வைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நாங்கள் கட்டிய நீதிமன்றக் கட்டணத்துக்குக் கிடைத்தவற்றுள் மிகவும் பயன்பட்டது அதுதான்.

வணிக வழக்குகளுக்கென்று 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட கட்டளை 15-அ இந்த அமர்வைக் கட்டாயமாக்கியிருக்கிறது. முதலில் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத வழக்குகளுக்கே இது கிடைத்தது. 2018இல் அந்த வரம்பு மூன்று லட்சமாகக் குறைக்கப்பட்ட பிறகுதான் எங்களைப் போன்ற சிறுதொழில் செய்வோர் பலருக்கும் இதன் கதவு திறந்தது.

எங்கள் பட்டியலில் 214 ஆவணங்களும் ஐந்து சாட்சிகளும் இருந்தன. நீதிபதி ஒவ்வொரு சாட்சியின் பெயரையும் வாசித்து, "இவர் எந்த எழுவினாவுக்காக வருகிறார்?" என்று மட்டும் கேட்டார். (எழுவினா என்பது இரு தரப்பும் முரண்படுவதால் நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்வி.) இயந்திரம் வந்து இறங்கியதைச் சொல்லவிருந்த இருவருக்கும் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. ஆவணங்களை ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்று தாக்கல் செய்த வாக்குமூலத்தில் விற்பனை நிறுவனமே இறக்குச் சீட்டுகளை ஒப்புக்கொண்டிருந்தது. சாட்சிகள் மூவராயினர். அடுத்து, நீர்வரத்து அளவுமானியின் பதிவுகளை இரு தரப்புப் பொறியாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து திறந்து, ஒத்துப்போகும் நாள்களையும் முரண்படும் நாள்களையும் ஒரே அட்டவணையில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரவேண்டும் என்று உத்தரவாயிற்று. தொண்ணூறு நாள் பதிவில் முரண்பட்டவை பதினொரு நாள்கள் மட்டுமே என்பது அப்படித்தான் தெரிந்தது. அதற்கு முன் இரு தரப்பும் ஓராண்டுக்கும் மேலாகத் தொண்ணூறு நாளையும் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டிருந்தோம்.

தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரமும் எங்கள் உற்பத்தி மேலாளர் பட்டறையை விட்டு நகர முடியாது என்று தயங்கியபடி சொன்னேன். நீதிபதி பென்சிலால் குறித்திருந்த நாளை அழித்து, அவருடைய குறுக்கு விசாரணையை அதற்குப் பிந்தைய வாரத்தில் எழுதினார். சாட்சிகள் தம் சாட்சியத்தை எழுத்தில் தரும் நிரூபண வாக்குமூலங்களை ஒரே சமயத்தில் தாக்கல் செய்யும் நாள், குறுக்கு விசாரணை நாள்கள், எழுத்துவடிவ வாதங்களுக்கான நாள், வாய்மொழி வாதத்துக்கு ஒவ்வொரு தரப்புக்கும் இரண்டு மணி நேரம் என அனைத்தும் ஒரே தாளில் அடங்கின. அந்தத் தாளின் நகலைக் கணக்கு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுத் தொழிலைக் கவனிக்க முடிந்தது. என் தந்தையின் பாகப்பிரிவினை வழக்கில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அடுத்த வாய்தா என்று வருமோ என்று காத்துக்கிடந்த வீட்டில் வளர்ந்தவன் நான்; இந்தத் தாளின் அருமை எனக்குத் தெரியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் அமர்விலிருந்து ஆறு மாதத்துக்குள் வாதங்கள் முடிய வேண்டும் என்கிறது விதி. ஆனால் அந்த முதல் அமர்வுக்கு வந்து சேரும் காலம் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஒப்பந்ததாரர் முகவரி மாறியிருந்ததால் அழைப்பாணையை அவர் கையில் சேர்ப்பிக்கவே நான்கு மாதம் ஆயிற்று. எல்லாத் தரப்பினரின் ஒப்புதல் மறுப்பு வாக்குமூலமும் வந்த நான்கு வாரத்துக்குள் நடக்க வேண்டிய அமர்வு, ஆலோசகரின் வாக்குமூலம் வேறொரு கோப்பில் சேர்ந்துவிட்டதால், பதினொரு வாரம் கழித்தே நடந்தது. சாட்சி விசாரணையை நாள்தோறும் நடத்த வேண்டும் என்றிருந்தும், அன்றன்றைக்கு வேறு வழக்குகள் நிறைந்திருந்ததால் மூன்று சாட்சிகளுக்கு ஆறு வாரம் பிடித்தது. ஆறு மாதம் ஏழரை மாதமாயிற்று.

என் மனத்தை உறுத்திய இன்னொன்றும் உண்டு. எதிர்வழக்குரை, அதாவது வழக்குக்குப் பிரதிவாதி எழுத்தில் தரும் பதில், தாக்கல் செய்ய 30 நாள். காரணம் காட்டிச் செலவுத்தொகை கட்டினால் அழைப்பாணை பெற்ற நாளிலிருந்து 120 நாள் வரை போகலாம். அதைத் தாண்டினால் அந்த உரிமையே இல்லை என்பதை 2019இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. ஒப்பந்ததாரர் தம் எதிர்வழக்குரையுடன் வந்தது 126ஆம் நாள். எனக்கு எதிராளிதான் என்றாலும், நாலைந்து ஆள்களை வைத்துப் பிழைக்கும் அந்த மனிதருக்கு அழைப்பாணையோடு இந்தக் கெடுவை எளிய தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் அவர் தரப்பும் பதிவாகியிருக்கும். பெரிய நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு இந்த நாள்கணக்கு கைவந்த பாடம், அவருக்கு அப்படியில்லை.

கண்டிப்பு எங்களுக்கு உதவிய நாளும் இருந்தது. பின்னர் நடந்த ஒரு மேலாண்மை அமர்வுக்கு விற்பனை நிறுவனத்தின் மூத்த வழக்கறிஞர் வரவில்லை; இளையவர் எழுந்து வாய்தா கேட்டார். வழக்கறிஞர் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இந்த அமர்வைத் தள்ளிவைக்கக் கூடாது என்ற விதியை நீதிபதி நிதானமாக வாசித்துக் காட்டி, அந்த இளையவரையே பேசச் சொன்னார். அவர் நன்றாகவே பேசினார்.

இந்த அமர்வுக்குப் போகும் தொழில்முனைவோர் வழக்கறிஞரை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிட வேண்டாம். சாட்சிகளின் பட்டியலையும், உங்கள் தொழிலின் நெருக்கடி மாதங்களைக் குறித்த நாள்காட்டியையும் எடுத்துக்கொண்டு நேரில் செல்லுங்கள். உங்கள் மேலாளர் எந்த வாரம் வர முடியாது என்பதை அந்த அறையில் உங்களைத் தவிர வேறு எவராலும் சொல்ல முடியாது.