கிளினிக்குக்குத் தற்காலிக அறை: குமரியில் எந்த வழி தோது?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ புதிதாக கிளினிக் தொடங்க நினைக்கும் டாக்டருக்கும் மனநல ஆலோசகருக்கும் முதலில் தோன்றுவது, 'எடுத்த எடுப்பிலேயே பெரிய அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம், ஆறு மாதம் ஓட்டிப் பார்ப்போம்' என்பதுதான். நல்ல யோசனை. ஆனால் அறை தேடும்போது எல்லோரும் வாடகையை மட்டுமே பேசுகிறார்கள். அது தவறு என்பது என் கருத்து.

வழக்கமான வழி, கடை அறையையோ ஒரு வீட்டின் கீழ்த்தளத்தையோ 11 மாத ஒப்பந்தத்தில் எடுப்பது. போர்டு உங்கள் பெயரில், நேரம் உங்கள் இஷ்டம். ஆனால் கிளினிக்கைப் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் இருக்கிறது. 2016-ன் மருத்துவக் கழிவு விதிகளின்படி, படுக்கை இல்லாத சின்ன கிளினிக்குக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். இரண்டும் அந்த முகவரியை வைத்துத் தருபவை; இடம் மாறினால் மறுபடி அலைச்சல். பல் டாக்டரின் எக்ஸ்ரே, ஸ்கேன் மெஷின் என்று வந்தால் இன்னும் கூடுதல் பதிவுகள். போதாக்குறைக்கு வாஷ்பேசின் வைக்க, தடுப்பு அடிக்க என்று போட்ட காசு சுவரோடு போய்விடும். ஊரையும் தெருவையும் முடிவு செய்துவிட்டவர்களுக்கு மட்டுமே இது சரி.

அடுத்தது, ஏற்கெனவே நடக்கிற கிளினிக்கிலோ, பல டாக்டர்கள் உட்காரும் பாலிகிளினிக்கிலோ நேரம் பிரித்து அறை எடுப்பது. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கட்டில், பிபி பார்க்கிற கருவி, டோக்கன் கொடுக்க ஆள், கழிவு எடுக்க வரும் வண்டி எல்லாம் ஏற்கெனவே இருக்கும். அரசு டாக்டர்கள் பணி நேரம் முடிந்து தனியாக நோயாளிகளைப் பார்க்க இங்கே தடையில்லை; அதனால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியைச் சுற்றியும் நாகர்கோவில் நகருக்குள்ளும் மாலை நேர அறைக்குத்தான் போட்டி. காலை நேரம் கேட்டால் வாடகை பேசிக் குறைக்கலாம். முதியோரையும் குழந்தைகளையும் பார்ப்பவருக்குக் காலை நேரமே நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் வேண்டாம். இந்த மாவட்டத்தில் பாதி ஊர் சர்ச்சில் இருக்கும். மாலை என்றால் வருவார்கள்.

அறையை நேரில் போய்ப் பாருங்கள். மருத்துவக் கழிவுக்கான மஞ்சள், சிவப்புப் பைகள் உண்மையிலேயே தொட்டியில் இருக்கின்றனவா, ஊசிக்கென்று தனியாக மூடிய டப்பா இருக்கிறதா, முந்தைய டாக்டர் போனபின் கட்டில் விரிப்பை மாற்றுகிறார்களா என்று கவனியுங்கள். மாடி அறை என்றால் மூட்டுவலிக்காரர் ஏற வேண்டிய படிகளை எண்ணுங்கள். ஜூனிலும் ஐப்பசியிலும் மழை கொட்டுகிற ஊர் இது. காத்திருப்பவர்கள் ஒதுங்க கூரை உண்டா என்பதும் முக்கியம்.

மெடிக்கல் ஸ்டோரை ஒட்டிய அறைதான் மூன்றாவது. வாடகை மிகக் குறைவு, சில இடங்களில் இல்லவே இல்லை. 'சீட்டு நம்ம கடைக்கு வந்தா போதும் டாக்டர்' என்பார்கள். அந்தப் பேச்சு வந்த உடனே எழுந்து வந்துவிடுங்கள். கமிஷன் வாங்குவதும் கைம்மாறு பெறுவதும் 2002-ன் மருத்துவ நெறிமுறைகளில் தடை செய்யப்பட்டவை. விதியை விடுங்கள், தேவையில்லாத டானிக்குக்கும் சேர்த்துக் காசு கொடுக்கப்போவது குளச்சலில் இருந்து பஸ் ஏறி வரும் ஒரு மீனவக் குடும்பம். நியாயமான வாடகை வாங்கிக்கொண்டு சீட்டைப் பற்றி வாயே திறக்காத கடைக்காரர்களும் உண்டு. அப்படி ஒருவர் அமைந்தால் தாராளமாக எடுக்கலாம்.

நாகர்கோவிலில் இப்போது, பலர் பகிர்ந்து வாடகைக்கு எடுக்கும் கோ-வொர்க்கிங் அலுவலகங்களும் இருக்கின்றன. ஊசி போடுகிற, கட்டுப் போடுகிற வேலைக்கு இது ஆகவே ஆகாது. கழிவுக்கு வழி இருக்காது. ஆனால் மனநல ஆலோசகருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் சொந்தக்காரர், இல்லையென்றால் சொந்தக்காரருக்குத் தெரிந்தவர். மனநல கிளினிக் என்ற போர்டுக்குக் கீழே நுழையத் தயங்குகிற பெண், இன்சூரன்ஸ் ஆபீசும் டியூஷன் சென்டரும் இருக்கிற கட்டடத்தில் தயங்காமல் படியேறுவார். சுவர் மட்டும் உண்மையான சுவராக இருக்க வேண்டும். பிளைவுட் தடுப்பு என்றால், நீங்கள் உள்ளே பேச ஒருவரை வெளியே நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். ஒரு சொல் கேட்டாலும் அந்த அறை வேண்டாம். வாடகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும். மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு என்பதால் அதைக் கழித்துக்கொள்ள வழியில்லை. முழுச் செலவாகவே கணக்கில் வையுங்கள்.

எந்த அறையானாலும் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், கழிவு ஒப்பந்தம் யார் பெயரில், நோயாளிகளின் குறிப்புகளும் அப்பாயின்ட்மென்ட் போன் நம்பரும் யாருடையவை. போன் நம்பர் கிளினிக்காரருடையதாக இருந்தால், நீங்கள் போன பிறகு அழைப்பவர்களுக்கு உங்களிடம் வர வழியே இருக்காது. முதல் நாளே தனியாக ஒரு சிம் வாங்கி, அந்த எண்ணைச் சீட்டில் அச்சடித்துவிடுங்கள்.