பேசிப் பிரிந்த நாடும் போரில் சிதைந்த நாடும்

செக்கோஸ்லோவாக்கியா, யூகோஸ்லாவியா இரண்டுமே 1918-இல் பிறந்து, 1990-களின் தொடக்கத்தில் உடைந்தன. 1992-இல் செக் தலைவர் வாட்ஸ்லாவ் கிளவுஸும் ஸ்லோவாக்கியத் தலைவர் விளாதிமிர் மெச்சியாரும் பேசி முடித்தபடி, கூட்டாட்சியின் சொத்துகள் பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பங்கிடப்பட்டு, 1993 ஜனவரி 1 அன்று இரு குடியரசுகள் உருவாயின. மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தாதது பெருங்குறையே. ஆயினும் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இதற்கு அவர்களின் பக்குவம் மட்டுமே காரணம் என்பது நியாயமாகாது. அங்கே எல்லைக்கோடு முன்பே தெளிவாக இருந்தது. யூகோஸ்லாவியாவின் குடியரசுகளில் ஒன்றான போஸ்னியாவில் அப்படி இல்லை. 1991 கணக்கெடுப்பின்படி சுமார் 44 விழுக்காடு முஸ்லிம்களும், 31 விழுக்காடு பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ் மரபினரான செர்பியரும், 17 விழுக்காடு பெரும்பாலும் கத்தோலிக்கரான குரோவாசியரும், ஏறக்குறைய ஒரே மொழி பேசி, பல ஊர்களில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர். அந்தத் தெருக்களுக்குள் கோடு கிழிக்க விரும்பிய தலைவர்கள் அண்டை வீட்டாரைப் பற்றிய அச்சத்தை மூட்டினார்கள்; அது போராக வெடித்தது.

போஸ்னியாவின் மொஸ்தார் நகரில் நெரெத்வா ஆற்றின் இரு கரைகளை 1566 முதல் இணைத்து நின்ற கல்பாலம், போஸ்னிய குரோவாசியப் படையின் தொடர் குண்டுவீச்சில் 1993 நவம்பர் 9 அன்று ஆற்றுக்குள் சரிந்தது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் போஸ்னிய செர்பியப் படையினர் 8,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றனர். அவ்வாண்டின் டேட்டன் உடன்படிக்கை போரை நிறுத்தியது. ஆனால் போர் கிழித்த கோடு, போஸ்னியாவுக்குள் இரு ஆட்சிப் பகுதிகளின் எல்லையாக இன்றும் நீடிக்கிறது.